வாளின் வயது

விமலராஜ் தம்பி, பித்தளை துலக்க விலை கூடிய மருந்தெல்லாம் வேண்டாம். தேசிக்காய்ப் பாதியில் உப்பைத் தொட்டுத் தேய்த்தால் போதும். மன்னாரில் கோயில் மெழுகுதிரித் தண்டுகளை அப்படித்தான் துலக்கினோம். இரும்பும் அதற்கு மசியும்.

லிபெர்த்தா வீதியில் நான் ஒன்பது வருடமாக வீட்டோடு தங்கிப் பார்த்துவரும் வயதான பேராசிரியர், சாமுராய்களின் சரித்திரம் படிப்பித்தவர். நானூறு வருடத்து வாள் ஒன்று வைத்திருக்கிறார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு அதைப் பராமரிப்பதும் என் வேலை. மூச்சுப் படாமல் உதடுகளுக்கிடையில் கடதாசியைக் கவ்விக்கொண்டு கராம்புத் தைலம் பூசுவேன். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பாகத்தில் கொல்லனின் பெயர் வெட்டியிருக்கும். அதைச் சுற்றிக் கறுத்த துரு.

"அதை மட்டும் தொடாதே, எமிலியானா. வாளின் வயதுக்கு அந்தத் துருதான் சாட்சி" என்பார். எனக்கு நன்றாக விளங்கியிருந்தது.

மார்ச்சில் அவருடைய மகன் வந்தார். திங்கட்கிழமை ஒருவர் வாளைப் பார்க்க வருவார், விற்றதும் அப்பாவை முதியோர் இல்லத்தில் விடப்போகிறேன் என்றார். அங்கே அவரை யார் நேரத்துக்குத் திருப்பிப் படுக்கவைப்பார்கள்? அவருக்காகத்தான் செய்தேன். என் வேலையும் நான் தங்கும் அறையும் போயிருக்கும் என்பதும் உண்மைதான்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது பிடியைக் கழற்றித் தேய்த்தேன். அடிப்பாகம் புதுக் கரண்டி மாதிரி மினுங்கியது. பிறகு இராசேஸ்வரிக்குப் போன் எடுத்தேன். ஞாயிறுகளில் நான் பூசைக்குப் போக, எனக்குப் பதிலாக வருபவள். நான்தான் அவளை அங்கே சேர்த்துவிட்டேன்.

"நாளைக்கு வாள் இருக்கிற அறையையும் வடிவாத் துடை பிள்ளை. பித்தளைச் சாமானையும் மினுக்கு."

"ஓம் அக்கா, செய்யிறன்."

திங்கட்கிழமை வந்தவர் பிடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, துரு போன வாளுக்கு விலையில்லை என்று திருப்பிக் கொடுத்தார். பேராசிரியர் அழுதார். இராசேஸ்வரியைக் கூப்பிட்டார்கள். அறையைத் துலக்கியது நீயா என்றதற்கு ஆம் என்றாள். வாளைத் தொட்டாயா என்றதற்கு இல்லை என்று கடைசிவரை நின்றாள்.

"பிழைக்காக அவளை வேலையிலிருந்து அனுப்பவில்லை" என்றார் பேராசிரியர். "சாமுராய் வீட்டில் பிழை செய்தவன் தானே முன்னால் வந்து சொல்லுவான். ஒப்புக்கொள்ளாதவளை நான் வைத்திருக்கமாட்டேன்."

நான் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்று தலையணையைச் சரிசெய்தேன். வெட்கமாக இருந்தது.

வாள் விலைபோகவில்லை, அவர் என்னிடம்தான் இருக்கிறார். அந்த வேலையைக் காட்டித்தான் இராசேஸ்வரி இங்கே தங்கும் அனுமதியை, பெர்மெசோவை, புதுப்பிக்க இருந்தாள். இப்போது பிள்ளையோடு நாட்டுக்குத் திரும்பவேண்டி வரும். போன கிழமை வந்து என் மடியில் விழுந்து அழுதாள்.

"நீங்களாவது என்னை நம்புறியள்தானே, அக்கா?"

"நம்புறன்" என்றேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

அவளுக்காகத் தொழிற்சங்கத்தில் நீங்கள் எழுதும் கடிதத்துக்கு என்னிடம் சாட்சி கேட்டீர்கள். அதனால்தான் உங்களுக்கு ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் அதில் எழுதவேண்டாம், பேராசிரியர் தாங்கமாட்டார். இராசேஸ்வரி நேர்மையானவள் என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு நான் சந்தோசமாகக் கையெழுத்து வைக்கிறேன்.