ராசா மாதிரி

— ஏளா சித்ரா, எங்கப்பா பேரை வச்ச பய அங்கன குத்தவச்சுச் சட்டி கழுவுதான். அம்மையப்பன்னு பேரு, தேய்க்கது அடிப்பிடிச்ச பால்சட்டி! வெளங்குமா?

— அடிப்பிடிக்க விட்டது அவன்தான். அவனே தேய்க்கட்டும். நீங்க சாப்பிடுங்க. இன்னொரு இட்லி வைக்கட்டா?

— வையி. மிளகாப்பொடிக்கு எண்ணெய் ஊத்து. பன்னெண்டு வயசுப் பயலுக்கு இதெல்லாம் எதுக்குங்கேன்? மூத்தவ மதி நேத்து கேஸ் சிலிண்டரை அவளே மாத்துதா. எதுத்த வீட்டு அண்ணாச்சி, 'என்ன வே மகேஷ், பிள்ளைய பெத்தீரா, வேலைக்கு ஆள் வச்சிருக்கீரா'ன்னு கேக்காரு. மானம் போவுது.

— காலம் மாறிட்டுல்லா. நாளைக்கு எந்த ஊருல கெடந்தாலும் அதுக பொங்கித் திங்கணும், துணி தொவைக்கணும், பேங்குல போய்ப் பேசணும். இந்தாங்க தண்ணி.

— என்னை மட்டும் ராசா மாதிரி வச்சிருக்க, பிள்ளையள ஏன் வாட்டுத? எனக்குச் சட்டை எடுத்து வைக்கது, மாத்திரை பிரிச்சுத் தாரது, போன்ல கரண்டு பில்லு கட்டுதது, டீச்சர் வேலையும் பாத்துக்கிட்டு எல்லாம் நீதான். ஒரு டம்ளரை என்னைக் கழுவ விட்டிருப்பியா?

— ஒருநாளும் விட்டதில்லை. வெந்நி போடணும்னு அடுப்புப் பக்கம் வந்தியளே, அப்பக்கூட நான்தான் பிடிச்சு வெளிய அனுப்பினேன்.

— அதைத்தான் சொல்லுதேன். ஆமா, மதி எங்க?

— பாபநாசம் போயிருக்கா. தனியா, பஸ்ல.

— தனியாவா? கொழுப்பாளா உனக்கு? உன்னை மாதிரி ஆயிரப் போறா. பாபநாசம் போறேன்னு திருச்செந்தூர் பஸ்ல ஏறி உக்காந்தவதான நீ! போன மாசம் கல்யாண வீட்டுலகூடச் சொன்னேன், பந்தியே உருண்டு சிரிச்சுது.

— தெரியும். அந்தப் பந்தியில நான்தான் பரிமாறுனேன்.

— சும்மா தமாசுக்குளா.

— எங்கம்மைக்கு மூச்சு இழுக்குதுன்னு பாபநாசத்துல இருந்து போன் வந்துது. கல்யாணமான புதுசு. கூட்டிட்டுப் போங்கன்னு உங்க காலைப் பிடிச்சேன். 'கிரிக்கெட் ஓடுது, போவத் தெரிஞ்சாப் போ'ன்னிய. தனியா வாசப்படி தாண்ட எங்கய்யா என்னைப் பழக்கலை. அழுத கண்ணுக்கு போர்டும் தெரியலை. நான் போய்ச் சேரையில ஆத்தங்கரையில எரிச்சு முடிச்சு, எல்லாரும் குளிச்சுக்கிட்டு இருந்தாவ.

— அது பழைய கதை. இப்ப எதுக்கு...

— எனக்குப் பாபநாசத்துல உள்ள பள்ளிக்கூடத்துக்கு மாத்தல் வந்திருக்கு. நானாக் கேட்டு வாங்குனது. வாடகைக்கு வீடும் பாத்தாச்சு. வீட்டுக்காரர்ட்டச் சாவி வாங்கத்தான் மதி போயிருக்கா. இப்பதான் போன் பண்ணினா, வாங்கிட்டாளாம். சட்டியைக் கவுத்துனதும் நானும் பயலும் கெளம்புதோம்.

— எப்ப வருவிய?

— வரமாட்டோம்.

— ஏளா! அப்ப நான்? எனக்கு அடுப்புப் பத்தவைக்கக்கூடத் தெரியாதேளா! எந்த மாத்திரை எந்த வேளைக்குன்னுகூடத் தெரியாதே... பிள்ளையளுக்கு அம்புட்டையும் கத்துக் குடுத்தியே சித்ரா, எனக்கு ஒண்ணாவது சொல்லித் தந்திருக்கப்படாதா?

— அதுக நான் பெத்ததுக. என்னை மாதிரி நடுரோட்டுல முழிச்சுக்கிட்டு நிக்கப்படாதுன்னு கத்துக் குடுத்தேன். நீங்க நிக்கணும். அதுக்குத்தான் இத்தனை வருசமா உங்க எச்சித் தட்டைச் சிரிச்ச மொகத்தோட எடுத்தேன்.