ராஜபாய் அம்மாளின் முகம் எங்கே?

அவையை அணிசெய்யும் தலைவர் குற்றாலலிங்கம் பிள்ளை அவர்களே! சாலைக் கடைவீதியின் சான்றோர்களே! கோட்டைக்குள்ளிருந்து குடை பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் காதில் என் பேச்சுமாக அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நம் சபையின் நாடகத்தைச் சினிமாவாக எடுக்க வந்திருக்கிறார் மலையாள டைரக்டர் சத்தியநேசன். அதோ, தூணோரம் நிற்கிறார். மகனைப் பறிகொடுத்த தாய் புலம்பும் கடைசிக் காட்சியில், நம் ராஜபாய் அம்மாள் முதுகைக் காட்டி நிற்க வேண்டுமாம். முதுகை! மேடையை விட்டு மறையும்போதும் பின்னோக்கியே நடந்து, முகம் காட்டியே போகிற மரபல்லவா நம் மரபு? எங்கே கற்றீர் என்றால், "ஒரு வடநாட்டுப் படம் கண்டு படிச்சதாணு சாரே" என்கிறார்.

எனக்குச் சந்தேகம். ராஜபாய் அம்மாளின் முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. மேடையில் அரிதாரம் மறைக்கும். காமிராவுக்கு முன் மறையுமா? தழும்பை ஒளிக்கத்தானே இந்தத் திருப்பம்? அந்த அம்மாளே என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, எம் மொகம் வேண்டாம்னா நேரா சொல்லப்பிடாதா?" என் நெஞ்சு எரிந்தது ஐயா, எரிந்தது!

களவைக் கையும் மெய்யுமாகப் பிடிக்க அந்தப் படத்துக்கே போனேன். துணைக்கு நம் அரிசிக்கடை தாணு. திரையில், மகனை இழந்த அந்தப் படத்துத் தாயும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். அழத் தெரியாதவள், அதனால் திரும்பினாள் என்று எனக்கு ஏக மகிழ்ச்சி! பக்கத்தில் பார்க்கிறேன், தாணு துண்டால் கண்ணைத் துடைக்கிறார்.

"என்ன ஓய்?"

"அவ அழுகா, தெரியல்லியா?"

"முகமே தெரியவில்லையே!"

"எனக்குத் தெரியுதே வே!"

சிரிக்காதீர்கள். தாணுவே அங்கே சிரிக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறார். காட்டாத முகம் இவருக்கு எப்படித் தெரிந்தது? சந்தேகம் தீரவில்லை, மறுபடியும் போனேன். கதையை விட்டேன், பாட்டை விட்டேன், படத்தை மட்டும் பார்த்தேன். அப்போது அகப்பட்டது! ஆரம்பத்திலே, மகன் உண்பதைத் தாய் பார்த்திருக்கும்போது, அவள் முகம் திரை முழுவதும் நிறைகிறது. விளக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது. அந்த முகம் நம் நெஞ்சில் தங்கிவிடுகிறது. பிறகு அவள் திரும்பினால் என்ன? தோள் குலுங்குகிறது, முகத்தை நாமே பார்த்துக்கொள்கிறோம்.

"அப்போ சம்மதமா?" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். பொறும் ஐயா! முகத்தைக் கொடுத்துவிட்டு மறைப்பது கலை. கொடுக்காமலே மறைப்பது களவு. சத்தியநேசன் பாதிப் பாடத்தைத்தான் நமக்குச் சொன்னார். மீதியை மறந்தாரா, மறைத்தாரா?

சத்தியநேசன் அவர்களே! முதற்காட்சியில் இந்த அம்மாளின் முகத்தைத் திரை நிறையக் காட்டுவீரா? பக்கவாட்டில் விளக்கு வைத்து, தழும்பு தழும்பாகக் காட்டுவீரா? தலையை ஆட்டுகிறார். தலையாட்டலை நம்புகிறவன் நானல்ல. வாயைத் திறந்து, சபை கேட்கச் சொல்லும்!

"காட்டாம் சாரே" என்கிறார். காட்டுவாராம், கேட்டீர்களா?

ஆனால் முகம் அவருடையதன்று, என்னுடையதுமன்று. அம்மா, தாய்மார் வரிசையில் தலை குனிந்திருக்கிறீர்களே, உங்களுக்குச் சம்மதமா?

எழுந்துவிட்டார். என்ன சொல்கிறார்? அமைதி, அமைதி!

"வெளக்கு எந்தப் பக்கம்னு சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி. அந்தப் பக்கமே திரும்புகேன்."

இதற்குமேல் நான் பேச என்ன இருக்கிறது? படம் எடுக்கட்டும். என் சந்தேகம் மட்டும் தீரவில்லை. ஆகையால் படம் பிடிக்கும் நாளில் அந்தக் காமிராவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவேன். செவி தந்த சபைக்கு நன்றி. தழும்போடு தலைநிமிர்ந்த அந்தத் தாய்க்கு என் வணக்கம்.