வளையத்தையே பார்த்த நடுவர்

அந்த நடுவர் ஒரு பெண்ணின் கல்லூரி இடத்தைப் பறித்துவிட்டார். மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில், கூடைப்பந்து இறுதியாட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்ற இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“கடைசி மணி அடிக்கசொல்ல பந்து என் கைய வுட்டுப் போயிடுச்சிக்கா. அப்புறம் உள்ள வுழுந்தாலும் பாயிண்ட்டுதானே?”

“பாயிண்ட்டுதான்டீ. அந்தாளு உன் கைய எங்க பாத்தான்? வளையத்தையே பாத்துகினு இருந்துட்டு, மணிக்கப்புறம் வுழுந்துச்சி, பாயிண்ட்டு இல்லன்னுட்டான்.”

“மணி அடிக்கிற வாட்ச்மேனைக் கேட்டுகினு எறியணுமா?”

மூத்தவள் சிரித்தாள். இளையவள் சிரிக்கவில்லை.

“ஜெயிச்சாதான் ஸ்போர்ட்ஸ் கோட்டால சீட்டுன்னாங்க. இப்போ வூட்ல இன்னா சொல்றது?”

“அந்தாளாண்ட சண்ட போட்டேன்டீ. ‘வெயில் ஏறுது, கோப்பையக் குடுங்க’ன்னு போய்ட்டான்.”

நடுவரே, மணி அடித்தபோது பந்து அவள் கையிலா இருந்தது? அதே மைதானத்தில், எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்லுங்கள்.