நாலெழுத்து அருள்

அட, அதை ஏனுங்க கேக்கறீங்க! பின்னாடி கண்ணாடில எழுதியிருக்கறது சாமி பேரும் இல்ல, கார் பேரும் இல்லீங்க சார். எம்பேரு. அருள்சாமில பாதி, பொறகு ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு வாலு. எழுதுன பெயின்டர் கூட கேட்டான், வாலு எதுக்குன்னு. வாலு எனக்குத்தான்டான்னு அப்பத் தெரியலீங்க.

கிரிப்டோ கேள்விப்பட்டிருப்பீங்க, போன்லயே வாங்கி விக்கற காசு... அந்தக் கொரோனா வருசம், பெங்களூரு பசங்க நாலு பேரு மேல ஏற்காட்டுல காட்டேஜ் எடுத்து லேப்டாப்புல வேல பாத்தாங்க. நம்ம டாக்சியும் ஓடல, நாந்தான் அரிசி பருப்பு வாங்கிக் குடுப்பேன். அவங்க கத்துக் குடுத்தது. மாசாமாசம் கொஞ்சங்கொஞ்சமா வாங்கிப் போட்டுட்டே வந்தேன். நல்லாத்தான் போச்சு. நாம சும்மா இருந்தாத்தானுங்க?

இருங்க, பஸ்ஸு எறங்குது. கொண்டையூசி பெண்டுல அவனுக்கு வழி உடணும்... ம், போகட்டும். இது எட்டாவது. இன்னும் பன்னெண்டு கெடக்கு, சாவகாசமாச் சொல்லலாம்.

அந்தக் கிரிப்டோல ஒருத்தரு காசு அனுப்பணும்னா நாம அட்ரஸ் குடுக்கணுங்க. தலைச்சோலை, ஏற்காடு தாலுக்கானு இல்ல. நாப்பத்திரண்டு எழுத்து! நெம்பரும் இங்கிலீசும் கலந்தடிச்சு... எங்கூட்டுக்காரி ரூபி பாத்துட்டு, "எலி ஓடுச்சா இதுமேல?"ன்னா. அப்பறந்தான் யூடியூப்ல பாத்தேன், அந்த நாப்பத்திரண்டுக்குப் பதிலா நம்ம பேரையே வெச்சுக்கலாமாம். பேரைப் போட்டா காசு நேரா நம்ம அட்ரஸுக்கு வந்துருமாம். எனக்குக் காசு அனுப்ப ஒரு நாதி கெடையாது, அது வேற விசயம்!

அருள்சாமின்னு முழுசா எடுத்திருந்தா வருசத்துக்கு ஒரு மட்டன் பிரியாணி காசுங்க. ஆனா அங்க எழுத்து கொறையக் கொறைய வெல ஏறுது. இங்கிலீசுல நாலே எழுத்து, அருள். பொறத்தால வர்ற புள்ளியும் வாலும் எல்லாருக்கும் பொது, அதைத்தான் கண்ணாடில பாத்தீங்க. அருள்சாமிங்கறது ரேசன் கார்டுல இருக்கற ஆளு. அருள்னா... எஸ்டேட் மொதலாளி மாதிரி இல்லீங்க? எடுத்துட்டேன். அதுவும் சொந்தமா இல்ல, மூணு வருச வாடகைக்கு. எம்பேருக்கு நானே வாடகை கட்டறேன் சார்! சிரிங்க, சிரிங்க. நானும் மொத நா சிரிச்சேன்.

ஜன்னலை ஏத்திக்குங்க, கொரங்கு பிஸ்கட்டைப் பாத்துருச்சு.

போன ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு, எம்பொண்ணு ஷெர்லினைப் பாக்க வந்தாங்க. பையன் மெல்வின், சேலத்துல லேப்ல வேல. நொம்ப நல்ல பையன். அவங்கப்பா ஆண்டனி ராஜ், ரிட்டயர்டு வாத்தியாரு. டீயக் குடிச்சுட்டு, "டாக்சி ஓட்டறீங்களா?"ன்னாரு. அவ்ளோதானுங்க கேட்டாரு. சாதாரணமாத்தான் கேட்டாரு! எனக்கு எங்கயோ குத்திருச்சு. "டாக்சி சும்மா பொழுதுபோக்குங்க, நமக்கு மெயினு கிரிப்டோ"ன்னுட்டேன்.

அதோட உட்டிருக்கலாமில்ல? அவங்க கேக்கவே இல்லீங்க. நாந்தான் மெல்வின் போனை வாங்கி, அந்த நாலெழுத்தைப் போட்டு, "பாருங்க, உலகம் பூராவும் நம்ம பேரு தெரியும்"னு அவங்கப்பா கையில குடுத்தேன். பேரு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன். பேரைப் போட்டா உள்ள எவ்ளோ இருக்கு, எப்பப் போச்சு, எதுக்குப் போச்சு, எல்லாமே தெரியுது சார்! உள்ள என்ன இருந்துச்சுங்கறீங்க? டீ குடிக்கலாம், வடை கேக்கக் கூடாது. கடைசியாப் போனது, சேத்ததப் பூராத் தொடச்சு அந்தப் பேரு எடுத்த காசு. பேரை வாங்கிட்டேன், பேருக்குள்ள வெக்க ஒண்ணுமில்ல.

வாத்தியாரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுக்காப் பாத்தாரு. அப்பத்தான் ஷெர்லினு, "அப்பா காசை வேற எடத்துக்கு மாத்தி வெச்சிருக்காருங்க மாமா"ன்னா. தலை நிமுந்து, தெளிவாச் சொன்னா. அவ பொய் சொல்லி இந்த இருவத்தஞ்சு வருசத்துல நான் கேட்டதில்லீங்க.

என் காசா இருந்தாக்கூடப் பரவால்லீங்க சார்... பாதிக்கு மேல அவ காசு. ஓட்டல் ரிசப்சன்ல நின்னு நின்னு சம்பாரிச்சு, தங்கச் செயினுக்குன்னு மாசாமாசம் எங்கிட்டக் குடுத்துப் போடச் சொன்னது. அவளுக்குத் தெரியும், எங்க போச்சுன்னு. இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. காலைல டிபன் பாக்ஸு குடுக்கறப்ப மட்டும், "அப்பா, ஞாயித்துக்கிழம அவங்க மறுபடி வர்றாங்க"ன்னா. அவ்ளோதான்.

ஏனுங்க, நிறுத்தணுமா? வியூ பாயிண்ட்டா? பாருங்க, பாருங்க, சேலமே தெரியும்... போட்டோவுக்குப் பை எதுக்குங்க? ரெண்டு பையுமா? பின்னாடி பஸ்ஸு வருது சார், ஓரமா... அட, பஸ்ஸுக்கா கை காட்டறீங்க! இன்னும் அஞ்சு பெண்டுதானுங்க! என்ன சொல்றீங்க? ஞாயித்துக்கிழம உண்மையச் சொல்லிரணுமா?

அதுக்குத்தானுங்க சார், ஒருதடவ உங்ககிட்டச் சொல்லிப் பாத்தேன்! முகந்தெரியாத நீங்களே இதைக் கேட்டுட்டுப் பாதி மலையில எறங்கிப் போறீங்க... அவங்க டீ குடிச்சு முடிக்கற வரைக்குமாவது உக்காருவாங்களா?