தோட்டத்து அறைக்கு வெந்நீர்

டீ ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், தம்பி. இந்த அறையில் எல்லாம் சீக்கிரம் ஆறிவிடும். பிஸ்கட்டை முக்கிச் சாப்பிடுங்கள், நான் பார்க்கவில்லை.

இந்த அறைக்கு இப்படி ஒரு வெந்நீர் ஏற்பாட்டை எந்தப் புண்ணியவான் தேர்ந்தெடுத்தான் என்று கேட்டீர்கள். புண்ணியவதி. நான்தான். என் வீட்டுக்காரர் க்ளைவ் கூப்பிட்டு பாய்லர் பார்க்க வந்திருக்கிறீர்கள், போலீஸ்காரர் இல்லையே. சொல்வதற்கென்ன.

முதலில் இது கார் ஷெட். ரிட்டயர் ஆனதும் இங்கே என் மண்பாண்டச் சக்கரத்தைப் போட்டுக்கொள்வதாகப் பேச்சு. பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்த காலமெல்லாம் இந்த அறையை நினைத்துத்தான் மசித்தேன். சக்கரம் வந்து இறங்கிய வாரம், க்ளைவின் அம்மா எனிட் படியில் சறுக்கி விழுந்தார்.

"அம்மாவ அந்த ரூம்ல வெச்சுக்கலாமே ஹிலரி" என்றார் க்ளைவ்.

கட்டிலும் குளியலறையும் உள்ளே வந்தன. சக்கரம் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலைக்குப் போனது. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இந்த பக்ஸ்டன் ஊரில் நாங்கள் அப்படிப் பேசுகிறவர்கள் இல்லை.

சூட்டுக்கும் வெந்நீருக்கும் வழி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். க்ளைவுக்குத் தன் தக்காளிச் செடிகளைத் தவிர எதுவும் தெரியாது, சந்தோஷமாக விட்டுவிட்டார். ஆள் மாற்றி ஆள் வந்து பார்த்தார்கள். ஒருவர் வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுக்கும் ஹீட் பம்ப் போடச் சொன்னார்; ராத்திரி பகல் ஒரே சீராக இருக்குமாம். இன்னொருவர், சுவரில் எலெக்ட்ரிக் ஹீட்டர், குளியலறைக்குத் தனி கீசர், வேலை முடிந்தது என்றார். அறையில் இருப்பவர் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அங்கேதான் எனக்கு அது பிடிக்காமல் போனது.

கடைசியாக ஒரு வழி இருந்தது. வீட்டு பாய்லரிலிருந்தே தோட்டத்துக்கு அடியில் குழாய் இழுப்பது. அதைச் சொன்னவரே அதை வேண்டாம் என்றார். குழாய் நீளம், பாதி சூடு வழியிலேயே போய்விடும். அந்த பாய்லர் ஒரு சமயத்தில் ஒரு குழாய்க்குத்தான் ஒழுங்காக வெந்நீர் தரும். அதோடு, இந்த அறையின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி என் சமையலறைச் சுவரில் இருக்கும். அதையே போடுங்கள் என்றேன்.

எனிட் மேல் எனக்குக் கோபமே கிடையாது. அவர் மகள் ரோவினா ஸ்பெயினில் இருக்கிறாள், வெயில் கொட்டுகிற ஊர். இங்கே லேசாகக் குளிர்ந்தால் அவரே அங்கே கிளம்பிவிடுவார். அவர் மூட்டு வலிக்கும் நல்லது, என் சக்கரத்துக்கும் நல்லது.

இலை உதிரும்போது ஆரம்பித்தேன். வாரத்துக்குக் கொஞ்சம், யாருக்கும் தெரியாத அளவு அந்தப் பெட்டியில் சூட்டைக் குறைத்தேன். அவர் குளிக்கத் தண்ணீர் திறந்தால் குழாய் முனகும். உடனே நான் சமையலறையில் வெந்நீரைத் திறந்து கோப்பைகளைக் கழுவுவேன். நான் சுத்தம் பார்ப்பவள், அவ்வளவுதான்.

குளிருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடமே கூட்டியிருப்பேன், தம்பி. தினமும் கேட்கவும் செய்தேன்.

"அங்க சூடா இருக்கா அத்தை?"

"அருமையா இருக்கு கண்ணு. உனக்குத்தான் எவ்வளவு சிரமம்."

இதை ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சொன்னார். பிறகு கோட்டு வந்தது, பிறகு தொப்பி. கிறிஸ்துமஸ் அன்று வான்கோழியைக் கையுறையோடு சாப்பிட்டார். புதுக் கையுறை, கழற்ற மனசு வரவில்லை என்றார். குறை சொல்வது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். அவர் சொல்லாமல் நானாக எப்படிக் கூட்டுவது? கூட்டினால், குறைத்து வைத்திருந்தது தெரிந்துவிடாதா?

பிப்ரவரியில் நல்ல பனி. ஒரு மத்தியானம் எனிட்டைக் காணோம். தேடிப் போனால் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில், க்ளைவின் தக்காளி நாற்றுகளுக்கு நடுவில், மடியில் கம்பளியோடு உட்கார்ந்திருக்கிறார். நாற்றுகளுக்காக க்ளைவ் அங்கே மண்ணெண்ணெய் ஹீட்டர் வைத்திருந்தார்.

"செடிங்களுக்குப் பேச்சுத் துணைக்கு வந்தேன் கண்ணு" என்றார். கன்னமெல்லாம் ரோஜா நிறம்.

அன்றிலிருந்து தினமும் போனார். ஸ்பெயின் பேச்சு எழவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்கவில்லை. இவ்வளவு யோசித்துப் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு தக்காளியால் கெட வேண்டுமா?

அதனால் ஒரு நாள் போய் ஹீட்டரை அணைத்தேன். ஆமாம், எனிட் உள்ளேதான் இருந்தார். அசந்து தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனசு வரவில்லை. கதவையும் கொஞ்சம் திறந்து வைத்தேன். மண்ணெண்ணெய்ப் புகை வயதானவர்களுக்கு ஆகாது. பிறகு வீட்டுக்கு வந்து கேக் செய்தேன். எலுமிச்சை கேக், அவருக்குப் பிடிக்கும்.

க்ளைவ் போய்ப் பார்த்தபோது அவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸில் க்ளைவ் அழுதுகொண்டே போனார். நாற்றுகள் ஒன்றுகூடத் தேறவில்லை, எனிட் தேறிவிட்டார். கண் விழித்ததும், "யாருக்காவது சிரமம் குடுத்துட்டேனா?" என்று கேட்டாராம்.

இனி வீட்டுக்குள்ளே சூடான இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நல்ல சூடான இடம் எங்கள் படுக்கையறை. அம்மாவுக்குப் பக்கத்தில் க்ளைவ் மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார்.

"நீ ஆசப்பட்ட ரூம்தானே, எடுத்துக்கோ" என்றார் என்னிடம்.

ஆக, நினைத்தது நடந்தது. சக்கரம் இதோ இருக்கிறது. களிமண்தான் விறைத்துப் போய்க் கிடக்கிறது. எனிட் பகலெல்லாம் சமையலறையில், சுவரில் அந்தப் பெட்டி இருக்கிறதே, அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் என்னைப் பார்த்ததும் மறக்காமல் கேட்கிறார்.

"அங்க சூடா இருக்கா கண்ணு?"

"அருமையா இருக்கு அத்தை."

வேறென்ன சொல்ல முடியும்? அந்தப் பெட்டியை நீங்கள் தொட வேண்டாம், தம்பி. குழாய் நீளம் என்று க்ளைவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கை நடுங்குவது வயதால், குளிரெல்லாம் இல்லை.

நான் குளிக்க நின்றால் மட்டும் தண்ணீர் சில்லென்று ஆகிவிடுகிறது. அதற்கு எனிட்டைக் குறை சொல்லக் கூடாது. பாவம், நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கோப்பை கழுவுகிறார். அவரும் சுத்தம் பார்ப்பவர், அவ்வளவுதான்.