அளந்து பார்க்காதது

குழம்பு உப்பாக இருந்தால் உப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். விருந்துக்குப் போன வீட்டிலும் அப்படித்தான். அலுவலகத்தில் எனக்குத் தராசு என்று பெயர். "அவன்கிட்ட போய் எப்படி இருக்கேன்னு கேட்டுடாதீங்கப்பா, நிஜமாவே சொல்லிடுவான்" என்று புதிதாக வருகிறவர்களை எச்சரிப்பார்கள்.

போதகர் ஐயா, வருகிற ஞாயிறு ஆராதனையில் அன்றாட வாழ்வில் உண்மை என்ற பொருளில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மனைவியை அடக்கம் செய்தபிறகு நான் மேடையேறப்போவது இதுதான் முதல் தடவை. அதற்கு முன்பு உங்களிடம் சிலவற்றைச் சொல்லிவிடுவது முறை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வீடுவீடாகப் போய் எரிவாயு அடுப்பு, கீசர் இவற்றைச் சோதிப்பது. எரிந்த புகை வெளியே போகாமல் அறைக்குள் தங்கினால் அதில் ஒரு நச்சுக்காற்று உண்டு. நிறமில்லை, வாடையில்லை. தலைவலி வரும், தூக்கம் வரும், அப்புறம் ஒன்றும் வராது. என் பையிலிருக்கும் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும். காட்டினால் இணைப்பை அடைத்து, சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு வருவேன். கடுங்குளிரில் ஒரு மூதாட்டியின் கீசரை அப்படி அடைத்தேன். நீ உருப்படமாட்டாய் என்று வாசல்வரை வந்து திட்டினார். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். இதுவும் ஊழியம்தான் தம்பி, இதற்காகத்தான் ஆண்டவர் உன்னை வைத்திருக்கிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் நம்பினேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. சோதிக்கிறவன் சொந்த வீட்டைச் சோதிக்கக் கூடாது. சலுகை காட்டிவிடுவான். அலுவலகத்தில் சொன்னால் வேறொருவர் வந்து பார்ப்பார். நல்ல விதி.

என் மனைவி பொய் சொல்வாள். பெரிய பொய்கள் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை பாடினால் குயில் மாதிரி இருக்கிறது என்பாள். என் அம்மா போனில் வந்தால் "இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம் அத்தை" என்பாள். பேசியிருக்க மாட்டோம். நான் விடமாட்டேன். யாரிடம் பொய் சொன்னாளோ அவர்களிடமே உண்மையைச் சொல்ல வைப்பேன். அந்தக் குழந்தையிடமும் சொல்ல வைத்தேன். அது அழுதது. பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் பாடவில்லை.

ஆலயத்தில் நடந்த தம்பதியர் கூட்டத்தில் அவள் சாட்சி சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். என் வீட்டுக்காரர் ஆண்டவர் எனக்குக் கொடுத்த பாக்கியம், ஒருநாள்கூட என் மனம் நோக நடந்ததில்லை என்றாள். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் அது உண்மையா என்று கேட்டேன். கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, இல்லை என்றாள். காலையில் கண்விழிக்கும்போதே இன்றைக்கு எதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றாள்.

அதற்கு நான் கோபப்படவில்லை. அது உண்மை. ஆனால் ஆலயத்தில் நின்று சொன்ன பொய்யை அங்கேயே நின்று திருத்த வேண்டும் என்றேன். அவள் சிரித்தாள்.

"என்னன்னு போய்த் திருத்தறது? எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேர்மையானவர், பக்கத்துல படுத்தாத்தான் குளிருதுன்னா?"

திருத்தவே மாட்டேன் என்றுவிட்டாள். அதன்பின் வீட்டில் பேச்சு குறைந்தது.

குளிர்காலம் தொடங்கியபோது, எங்கள் குளியலறைக் கீசரின் புகைக்குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கழன்றிருப்பதைப் பார்த்தேன். வேறு யார் கண்ணுக்கும் படாது. அன்றுமுதல் நான் அலுவலகத்தில் குளித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அளக்காத ஒன்றைத் தெரியும் என்று சொல்வது பொய்.

ஒருநாள் காலை அவள் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, குளிச்சிட்டு வந்தாலே தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. கீசர்ல ஏதாச்சும் கோளாறா?"

"நான் அளந்து பாக்கலை."

"பாருங்களேன்."

"என் வீட்டை நான் அளக்கக் கூடாது."

அவள் அலுத்துக்கொண்டாள். "கோளாறுன்னா நீங்க சொல்லாமலா இருப்பீங்க" என்று முணுமுணுத்தபடி அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அது கேள்வியாகப் படவில்லை.

அவளுக்கு அவகாசம் இருந்தது. ஆலயத்தில் சாட்சி சொல்லும் நேரம் வரும்போதெல்லாம் அவள் எழுந்து நிற்கிறாளா என்று பார்ப்பேன். எழவில்லை. மற்றதை ஆண்டவரிடம் விட்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி, கீசரைச் சோதித்தீர்களா என்று கேட்டார். இல்லை, விதிப்படி கூடாது என்றேன். பாவம் என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கல்லறையருகே மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எம் பொண்ணுக்கு வலிச்சிருக்குமா?" வலித்திருக்காது மாமா, தூக்கம் மாதிரித்தான் இருந்திருக்கும் என்றேன். அது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதற்குப் பிறகுதான் அவரால் அழ முடிந்தது.

கீசரைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். ஆனாலும் காலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கிறது. கேட்கிறது என்று சொன்னால் பொய். கேட்கவில்லை என்று சொன்னாலும் பொய். அதனால் யாராவது தூக்கம் வருகிறதா என்று விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுகிறேன். இதுவரை நான் பேச்சை மாற்றுகிறவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் சொல்லலாமா, கூடாதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அதையும் கேட்டுவிடுங்கள்.

அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பவில்லை. குளியலறையின் மேல்ஜன்னலை முந்தின நாளே சாத்தியிருந்தேன். வாடைக்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது, அதுவும் உண்மைதான். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. கனமாக ஏதோ சரிந்தது. அப்புறம் அவள் குரல், தூக்கத்தில் பேசுவது போல.

"ஏங்க, வெளிய இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டிருந்தால், மாட்டேன் என்று உண்மையைச் சொல்லியிருப்பேன்.