மண்ணில் இறங்காத சக்கரம்

இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையின் மூத்த சாரதியார் ஜனாப் அசன் முகம்மது அவர்களின் சமுகத்துக்கு, உடனுழைத்த டிரைவர்களும் கண்டக்டர்களும் மனநிறைவும் மாறாத பிடிவாதமும் ஒருங்கே கொண்டு வாசித்தளிக்கும் மடல்.

சாலையறிந்த செம்மலே! பெட்ரோல் கிடையாத யுத்த நாளில் கரிவாயு வண்டியையும் கைக்குழந்தைபோல் கரை சேர்த்த கருணையாளரே! முதலாளிமார் முன்னிலும் முதுகு வளையாத முதுபெருந்தோழரே!

தங்கள் குணங்களை அடுக்கப் புகுந்தால் இந்தக் கண்ணாடிச் சட்டம் கொள்ளாது. ஆகவே ஒன்றே ஒன்றை, அன்று உடனில்லாதவர்களும் அறியும்படி, நடந்தது நடந்தபடியே சொல்கிறோம்.

யுத்த காலத்தில் பெரிய கம்பெனி சின்னக் கம்பெனியை வாங்கியது. வண்டிகளோடு ஆட்களும் வந்தார்கள். சின்னக் கம்பெனியின் முதல் டிரைவரான அசன் அண்ணாச்சியும் வந்தார். வந்தவர்களுக்கு, வந்த நாளே வேலையில் சேர்ந்த நாள் என்று மானேஜர் உத்தரவு போட்டார். இருபது வருஷம் ஓட்டியவர் ஒரே காலையில் எல்லாருக்கும் இளையவரானார். சம்பளமும் புது ஆள் சம்பளமாயிற்று. மூப்பில் நமக்கு மேலே ஓர் ஆள் குறைந்தால் நமக்கென்ன நட்டம் என்று டீக்கடையில் பேசிய பெரிய கம்பெனி டிரைவர்களும் உண்டு.

நம் கப்பி ரோடு ஒரு வண்டி அகலம். எதிரெதிரே வந்தால் இளையவர் வண்டியை ஓரத்து மண்ணில் இறக்குவார், மூத்தவர் போவார். டிரைவர்களுக்கு அதுவே சட்டம். ஒரு நாள் கண்மாய்க்கரை வளைவில் அண்ணாச்சிக்கு எதிரே எலியேசரின் வண்டி வந்தது. எலியேசர் பெரிய கம்பெனிக்காரர். புது உத்தரவுப்படி மூத்தவர். முன்ஸீட்டில் மானேஜரே இருந்தார். அசன் இறக்கட்டும் என்றார்.

அண்ணாச்சி இறக்கவில்லை. வேலை போனால் வீட்டில் ஐந்து வயிறு. இறக்கினாலோ இருபது வருஷமும் தம் கையாலேயே மண்ணாகும். பின்னாலிருந்த கூடைக்காரி இசக்கியம்மாள், "ரெண்டு கடாவும் முட்டி முடிக்கதுக்குள்ள எங் கத்திரிக்கா வதங்கிரும் போலயே" என்றாள். சிரிப்படங்கியதும் அண்ணாச்சி தலையை வெளியே நீட்டினார்.

"ஏலே எலியேசரு, எனக்கு இறக்கத் தெரியாம இல்ல. இன்னைக்கு உன் கம்பெனி எங்களை வாங்கிருக்கு. நாளைக்கு அதையும் எவனாவது வாங்குவான். அன்னைக்கு உன்னை யாருக்கு இறக்கச் சொல்லுவாவ?"

எலியேசர் ஸ்டியரிங்கை ஒடித்தார். மானேஜரோடு வண்டி மண்ணில் இறங்கி, முன்சக்கரம் சேற்றில் புதைந்தது. வெள்ளைப் பூட்ஸோடு சேற்றில் நின்றபடியே மானேஜர் இருவரையும் வேலையை விட்டு நிறுத்தினார். மறுநாள் எந்த வண்டியும் ஷெட்டை விட்டுக் கிளம்பவில்லை. நம் சங்கம் பிறந்தது அந்தச் சேற்றில்தான். இருவரும் வேலைக்குத் திரும்பினார்கள்; பழைய மூப்பும் திரும்பியது. பழைய சம்பளம் மட்டும் வரவில்லை.

பெரியீர்! தாங்கள் ஓய்வு பெறுவதோடு அந்தச் சம்பளக் கோரிக்கையும் ஓய்வு பெறும் என்று ஆபீசில் எவரேனும் எண்ணினால், எண்ணிக்கொள்ளட்டும். அது நிறைவேறும் நாளில் முன்வரிசையில் வந்து அமரத் தங்களுக்கு ஆண்டவன் நீளாயுளும் நோயற்ற உடலும் அருள்வானாக.

கம்பெனி காரை வேண்டாமென்று, இன்று மாலை குதிரை ஜட்காவில் இராஜபாளையம் வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். வழியில் எந்தப் பஸ்ஸும் ஒதுங்கி நிற்கக் கூடாது என்று மானேஜர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். வாசித்தோம். தங்கள் ஜட்காவுக்கு எதிரே வரும் ஒவ்வொரு வண்டியும் மண்ணில் இறங்கும்.

தங்களுக்கு இளையவர்களான,
எலியேசர் முதலிய டிரைவர்கள், கண்டக்டர்கள்
ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட், 1946